ஓடைக்கு நாடி பார்த்தல்

மீன் தின்னாத ஒருவர் மீனின் க்ஷேமலாபங்களைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர்கள் சிரிக்கக்கூடும். தாராளமாகச் சிரிக்கட்டும். நாம் மீன் உண்பதில்லை. தூண்டிலைக் கையால் தொட்டதும் கிடையாது. மீன் பிடிக்கும் வித்தையைக் குறித்துத் துரைமார்கள் எழுதி வைத்த தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டிய போதெல்லாம், ஒரு சிறு பிராணியை ஏமாற்றுவதற்கு இத்தனை சாஸ்திரமா என்ற வியப்புத்தான் நமக்கு உண்டாயிற்று. ஆயினும் பத்து வருஷ காலமாக மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடிப் புட்டிகள் நிறைந்த ஒரு கூடையுடன் நீலகிரியில் குந்தாப் பக்கத்து ஓடை ஒன்றுக்குப் போய் வருகிறோம். டிரௌட் என்னும் மீன் அதில் சௌக்கியமாக இருக்கிறதா என்று விசாரிக்கவே போகிறோம். வீட்டிலுள்ளவர்கள் இதற்கு "மீன் வைத்தியம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் அவ்வளவு பொருத்தமில்லை.

டிரௌட் நம் நாட்டு மீன் அன்று. நம் மலைகளில் இருப்பது வானவில் டிரௌட் என்ற ஜாதி. பஸிபிக் மகாசமுத்திரத்தை அடுத்த வட அமெரிக்க ஆறுகள் அதன் பூர்வீகம். பக்கவாட்டில் ரோஜா வர்ணக் கோடு ஒன்று ஓடுவதால் அந்தப் பெயர். 1863-ஆம் வருஷத்தில் பிரான்ஸிஸ் டே என்ற ராணுவ வைத்தியர், இந்திய மீன்களைப் பற்றிப் பின்னால் பெரிய நூல் எழுதியவர், டிரௌட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. குளிர்ந்த ஜலத்தில் பிறந்து வளரும் பிராணி உஷ்ணப் பிரதேசத்துக் கடலைக் கடந்து உயிரோடு வந்து சேருவது லேசான காரியமா? காச்மீரத்தில் 1900-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகள் பிழைத்தன. நீலகிரியில் எச். ஸி. வில்ஸன் என்பவர் 1907-ல் அவலாஞ்சியில் ஒரு பொரிப்பகம் ஏற்படுத்தி, இலங்கை மலைகளிலிருந்து வானவில் டிரௌட் முட்டைகளைத் தருவித்துப் பொரிக்கச் செய்தார். அந்த வமிசம் குந்தா, முக்கூர்த்திப் பக்கத்து நீர்நிலைகளில் இன்றும் அங்கங்கே எஞ்சி நிற்கிறது.

இதெல்லாம் யாருடைய சந்தோஷத்துக்காக நடந்தது என்பதில் நமக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. 1879-ஆம் வருஷத்திலேயே நீலகிரியில் வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் பாதுகாக்க ஒரு சட்டம் இயற்றியிருந்தார்கள். சட்டத்தின் பெயரில் பாதுகாப்பு இருந்தது. அதன் பலன் துப்பாக்கியும் தூண்டிலும் பிடித்த கைகளுக்குப் போயிற்று. தங்கள் ஊர் ஓடையின் ஞாபகம் வந்தபோது அந்த ஓடையையே இங்கே உண்டாக்கிக் கொள்ளலாம் என்று அந்தக் கனவான்கள் நினைத்தார்கள். ஓடையில் ஏற்கெனவே குடியிருந்த சின்னஞ்சிறு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. டிரௌட் மாமிச பக்ஷிணி. வாய்க்கு அடங்கிய எதையும் விழுங்கிவிடும். ஆகவே இந்த மீனை இன்னும் புதுப்புது ஓடைகளில் கொண்டுபோய் விடவேண்டும் என்று யாராவது யோசனை சொன்னால் நாம் முதல் ஆளாக ஆட்சேபம் தெரிவிப்போம்.

அப்படியானால் அதன் சௌக்கியத்தைப் பற்றி நமக்கு ஏன் இவ்வளவு கவலை? காரணம் இதுதான்: அந்த மீன் ஒரு மகா நாஸூக்குக்காரர். தண்ணீர் கொஞ்சம் சூடேறினால் அதற்குப் பிடிக்காது. கொஞ்சம் கலங்கினால் பிடிக்காது. மருந்து வாசனை தட்டினால் உயிரையே விட்டுவிடும். கெண்டையும் விராலும் பொறுத்துக்கொள்ளும் பல அவஸ்தைகளை டிரௌட் பொறுக்காது. இதனாலேயே புதிய ரசாயனப் பொருள்களின் விஷத்தன்மையை அளக்கும் பரிசோதனைச் சாலைகளில் வானவில் டிரௌட் மீனை 96 மணி நேரம் அந்தப் பொருள் கலந்த நீரில் விட்டுப் பார்ப்பது உலகமெங்கும் வழக்கமாகியிருக்கிறது. ஐரோப்பாவில் சில குடிநீர் நிலையங்களிலும், ஆற்றிலிருந்து வரும் நீரைத் தொட்டியில் ஓடவிட்டு, அதில் டிரௌட் மீன்களைக் காவல் வைத்ததுண்டு. அரண்மனைகளில் ராஜாவின் போஜனத்தை முதலில் சாப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் இருப்பானாம். அந்த உத்தியோகம் இந்த மீனுக்கு. நம் ஓடையில் அது சம்பளமில்லாமல் அந்த உத்தியோகத்தைப் பார்த்து வருகிறது. அது நீந்தும் மடுவுக்கு ஒரு மைல் கீழே ஒரு ஹட்டியின் குடிநீர்க் குழாய் தொடங்குகிறது.

ஓடையின் போக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே ஒரு சோலைக்காட்டில் அது பிறக்கிறது. சோலையென்றால் ஆனந்தமாக உலாவும் பூங்காவன்று. மலை மடிப்புகளில் குட்டையான மரங்கள் ஒன்றோடொன்று தலைமுட்டி, பாசி போர்த்து, நடுப்பகலிலும் இருட்டாயிருக்கும் ஆதிவனம். சுற்றிலும் புல்வெளி. மழையைப் புல்லும் சோலையும் சேர்ந்து உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிக்கனமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. பிறகு ஓடை சீகை மரத்தோப்பு ஒன்றின் வழியாக வந்து, தேயிலைக்கும் மலைக்காய்கறித் தோட்டங்களுக்கும் இடையில் இறங்கி, ஹட்டியைக் கடந்து, கடைசியில் மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கத்தில் போய்ச் சேருகிறது. மூன்று இடங்களில் நாம் நிற்கிறோம்: சோலை முடியும் இடம், தோட்டங்களுக்குக் கீழே, ஹட்டியின் குழாய்க்குச் சற்று மேலே.

முதல் காரியம் உஷ்ணமானியை நீரில் நட்டு வைப்பது. கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் ஓடையின் ஜாதகத்தில் லக்னம் இதுதான். குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகமாகக் கரையும். வெதுவெதுப்பான நீரில் குறைவாகக் கரையும். சமுத்திர மட்டத்தில் 10 டிகிரி ஸென்டிகிரேடில் ஒரு லிட்டர் நீர் 11 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகவே பிராணவாயுவைத் தாங்கும்; 25 டிகிரியில் 8-க்குச் சற்று மேல்தான். நம் ஓடை ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவாகையால் இந்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதற்கு நேர்மாறாக, நீர் சூடாகச் சூடாக மீனின் உடம்புக்குப் பிராணவாயு அதிகமாய் வேண்டியிருக்கிறது. வரவு குறையும்போது செலவு ஏறுகிற குடும்பத்தின் கதைதான். 20 டிகிரியைத் தாண்டினால் டிரௌட் தவிக்கத் தொடங்கும். 25-ஐ எட்டினால் பிழைப்பது கஷ்டம். கரையோரத்து மரம் ஒன்றை வெட்டியதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்களுக்கு அந்த உஷ்ணமானி பதில் வைத்திருக்கிறது.

விடியற்காலையில் போவதற்கும் காரணம் உண்டு. நீருக்குள் வளரும் பாசிகள் பகலில் வெயிலைக் கண்டு பிராணவாயுவை வெளியிடுகின்றன. இரவில் அவையும் நம்மைப்போல் மூச்சு வாங்கி அதைச் செலவழிக்கின்றன. ஆகவே கையிருப்பு மிகவும் இளைத்திருக்கும் வேளை சூரியோதயத்துக்குச் சற்று முன். உரமும் சாக்கடையும் கலந்து பாசி மண்டிய ஓடையை மத்தியானம் பரிசோதித்தால் அது பணக்காரனைப் போல் காட்சியளிக்கும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால்தான் கடன் தெரியும்.

பிராணவாயுவை அளக்க இப்போது மின்சாரக் கருவிகள் கிடைக்கின்றன. நாமோ விங்க்ளர் என்ற ஹங்கேரி நாட்டு ரசாயனி 1888-ல் வெளியிட்ட முறையையே பின்பற்றுகிறோம். கருவியின் விலையும் ஒரு காரணம். அந்த முறையின் அழகு மற்றொரு காரணம். காற்றுக்குமிழி துளியும் புகாமல் புட்டியில் ஓடை நீரை நிரப்பி, மாங்கனீஸ் ஸல்பேட்டும் காரத்தோடு சேர்ந்த அயோடைடும் விட்டு மூடிக் குலுக்கினால், உள்ளே பழுப்பு நிறத்தில் மேகம் போல் ஒரு வண்டல் திரளும். பிராணவாயு இல்லாத நீரானால் வண்டல் வெள்ளையாகவே இருந்துவிடும். பிறகு கந்தகத் திராவகம் சில துளி. வண்டல் கரைந்து நீர் பொன்னிறமாகும். தயோஸல்பேட் கரைசலை அளவுக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட, பொன்னிறம் வெளுக்கும். அப்போது கஞ்சித் தண்ணீரைச் சிறிது சேர்த்தால் திடீரென்று கருநீலம்! மேலும் சொட்ட வேண்டும். ஏதோ ஒரு சொட்டில் அந்த நீலம் முழுதும் மாயமாய் மறைந்துபோகும். அந்தச் சொட்டில் நிறுத்தி, குழாயில் எவ்வளவு செலவாயிற்று என்று பார்த்தால் அதுவே கணக்கு. நம்மோடு வருகிற ஹட்டிச் சிறுவன் ஒருவன், பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு, இந்தக் கடைசிச் சொட்டை விடும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. "தாத்தா, நீங்க நோட்டுல எழுதுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவான்.

சோலை ஓரத்தில் பெரும்பாலும் 8 மில்லிகிராமுக்கு அருகில் இருக்கும். தோட்டங்களுக்குக் கீழே சற்றுக் குறையும். இதுவரை 6-க்குக் கீழே போனது சில கோடைகளில்தான்.

மண்ணைப் பற்றிய சங்கடம் வேறு. கலங்கலை அளக்க நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கிறது. அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு வட்டம். மேலிருந்து பார்க்கும்போது எத்தனை அங்குல நீருக்குள் வட்டம் மறைகிறதென்று கணக்கெடுக்கிறோம். டிரௌட் பெண் தன் வாலால் கூழாங்கல்லைத் தள்ளிப் பள்ளம் செய்து, முட்டையிட்டு, கற்களால் மூடிவிட்டுப் போகிறது. 10 டிகிரி குளிர்ச்சியில் அந்த முட்டைகள் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். அந்த மாதம் முழுவதும் கற்களின் இடுக்கு வழியாக நீர் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் சேறு வந்து இடுக்கை அடைத்தாலும் முட்டைகள் மூச்சடைத்துப் போகும். நம் ஓடையில் சேறு வருவது மழையால் மட்டுமன்று. அறுத்த கேரட்டை மண்ணோடு மண்டிக்கு அனுப்பினால் விலை கிடைக்காது. கழுவித்தான் அனுப்ப வேண்டும். கழுவிய செந்நீர் எங்கே போகும்? தட்டில் பளபளவென்று வந்து உட்காரும் கேரட்டின் பின்னால் இப்படி ஓர் உபகதை இருக்கிறது என்பது சமவெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. 2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் அவலாஞ்சியில் 82 ஸென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னை நகரம் ஒரு வருஷம் முழுவதும் பெறுவதில் பாதிக்கு மேல்! அந்த மாதம் நம் குழாயில் வட்டத்தைத் தேடுவதே வீண் வேலையாயிற்று. கூழாங்கல் மேடையெல்லாம் இடம் மாறிக் கிடந்தன. இயற்கை செய்ததை இயற்கை இரண்டு வருஷத்தில் ஒருவாறு சரிப்படுத்திக்கொண்டது.

நிற்க. புட்டியும் குழாயும் சொல்லும் சாக்ஷியில் ஒரு பெரிய குறை உண்டு. அவை அந்த நிமிஷத்து நீரைப் பற்றி மட்டுமே பேசும். வியாழக்கிழமை இரவு ஓடிப்போன விஷம் ஞாயிற்றுக்கிழமைப் புட்டியில் அகப்படாது. அதற்கு வேறு சாக்ஷி வேண்டும். ஓடையிலேயே குடியிருக்கும் சாக்ஷி.

ஓடைக் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அதன் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, மூன்று மெல்லிய வாலுடன் ஒரு பூச்சி ஓடும். இரட்டை வாலுடன் மற்றொன்று நிதானமாக நகரும். மணலையும் இலைத்துணுக்கையும் பட்டு நூலால் ஒட்டிக் குழல் செய்து, அதற்குள் குடியிருக்கும் புழு ஒன்று இன்னும் விசித்திரம். இவையெல்லாம் சிறகு முளைத்துப் பறப்பதற்கு முன் மாதக்கணக்காக, சில ஒரு வருஷமும் அதற்கு மேலும், நீருக்குள் வளரும் பூச்சிகள். முதிர்ந்து வெளியே வந்தபின் முதல் ஜாதி பெரும்பாலும் ஓரிரு நாளில் மாண்டுவிடும். டிரௌட்டின் முக்கிய ஆகாரம் இவையே. நீர் கெட்டால் மீனுக்கு முன்பே இவை போய்விடும். நீர் கெடும்போது எந்தெந்தப் பிராணி மறைகிறது, எது பெருகுகிறது என்பதை வைத்து ஆற்றின் அசுத்தத்தைப் படி பிரித்துக் காட்டும் முறையை ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்ஸ்ஸன் என்ற இரு விஞ்ஞானிகள் 1908, 1909-லேயே வகுத்தார்கள். இங்கிலாந்தில் தூண்டில்காரர்களே 2007 முதல் ஒரு ஏற்பாட்டில் சேர்ந்து மாதந்தோறும் இப்பூச்சிகளை எண்ணி வருகிறார்கள். எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் உடனே அதிகாரிகளுக்குத் தகவல். 2013 ஜூலையில் கென்னட் என்ற ஆற்றில் இப்படி எண்ணப்போனவர்கள் பூச்சிகளே இல்லாததைக் கண்டு குரல் எழுப்பினார்கள். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து சாக்கடை வழியாக வந்து, சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றின் சிற்றுயிர்களைத் துடைத்துவிட்டிருந்தது. தூண்டில்காரர்களைப் பற்றி நாம் மேலே சொன்ன பரிகாசத்தில் பாதியை இந்த ஒரு காரியத்துக்காக வாபஸ் வாங்கிக்கொள்ளலாம்.

நாமும் கொசுவலைத் துணியை மூங்கில் சட்டத்தில் கட்டி, ஓடையின் குறுக்கே பிடித்து, அதற்கு மேலே கற்களைக் காலால் மூன்று நிமிஷம் கிளறி, வலையில் சேர்ந்ததை வெள்ளை எனாமல் தட்டில் கவிழ்த்து எண்ணுகிறோம். எண்ணியதும் அவற்றை ஓடையிலேயே விட்டுவிடுகிறோம்.

2022-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு. சோலை ஓரத்தில் எல்லாம் வழக்கம்போல். தோட்டங்களுக்குக் கீழே வந்து வலையைக் கவிழ்த்தோம். தட்டில் மணல் இருந்தது, இலை இருந்தது, சிவப்புப் புழுக்கள் இரண்டு நெளிந்தன. மூன்று வால் பூச்சி ஒன்றுகூட இல்லை. இரட்டை வாலும் இல்லை. மணல் குழல்கள் கிடந்தன. உள்ளே ஆள் இல்லை. பத்துக் கஜம் தள்ளி மறுபடியும் வலை போட்டோம், அதே கதைதான். நீரோ கண்ணாடிபோல் தெளிவாக ஓடியது. உஷ்ணம் சரி, பிராணவாயு சரி. சிறுவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிச் சொட்டை விடுவதற்குக்கூட அவன் வரவில்லை. சற்று நேரம் கழித்து நோட்டை வாங்கி வரிசையாகச் சைபர் போட்டான். எட்டுச் சைபர்கள்.

இரண்டு இடங்களுக்கும் நடுவே கரையோடு நடந்தோம். ஒரு தட்டைப் பாறையின் பக்கத்தில், நாணல் தூரில் ஒரு காலிப் புட்டி சிக்கியிருந்தது. சைபர்மெத்ரின் என்று சீட்டு. சீட்டில் மஞ்சள் முக்கோணம். இந்த முக்கோணத்துக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு வர்ணங்கள் உண்டு. சிவப்பு மிகக் கொடிது, பச்சை மிகச் சாது. ஆனால் யாருக்குக் கொடிது? மனிதர் முதலிய பாலூட்டிகளுக்கு. ஓடைப் பூச்சிக்கு வேறு அளவுகோல். மனிதரை அவ்வளவாகப் பாதிக்காத இந்த மருந்து, ஒரு லிட்டர் நீரில் ஒரு மைக்ரோகிராம் அளவு இருந்தாலே நீர்ப்பூச்சிகளைக் கொல்ல வல்லது, மீனுக்கும் நஞ்சு. பிரிட்டனில் ஆடுகளை இம்மருந்துக் கரைசலில் முக்கி எடுத்து ஓட்டிப்போகையில் அவை ஓடையைக் கடந்ததாலேயே ஓடைகள் வெறுமையாயின. 2006-ல் அந்த முக்குமருந்தின் விற்பனையை நிறுத்தி வைத்தார்கள். தெளிப்புப் பம்ப்பு ஒன்றை அலசிய தண்ணீர் நம்முடையதைப் போன்ற சிறு ஓடைக்குப் போதும்.

நாம் ஒரு காரியாலயத்துக்கு விண்ணப்பம் எழுதினோம். நீர் மாதிரி அனுப்பும்படி பதில் வந்தது. அனுப்பினோம். மாதிரியில் ஆக்ஷேபகரமானது ஒன்றும் காணப்படவில்லை என்று முறைப்படி முத்திரையிட்டுத் திரும்பி வந்தது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. இந்த மருந்து தண்ணீரில் நீடித்து நிற்பதில்லை. மண்ணிலும் வண்டலிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பல நாள் கழித்து எடுத்த புட்டித் தண்ணீர் நிரபராதி. கொலை நடந்த வீட்டின் வாசற்கதவைச் சோதித்துவிட்டு, கதவு நல்ல கதவு என்று எழுதிக் கொடுத்தது போலாயிற்று.

அந்தப் பாறைக்கு மேலுள்ள தோட்டம் சிறுவனின் பெரியப்பாவுடையது. இதை அவன் சொல்லவில்லை, நமக்கே தெரியும். சைபர் போடும்போது அவன் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதும் ஊகிக்கக்கூடியதுதான். பையனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, தட்டை ஒரு துணியால் மூடி எடுத்துக்கொண்டு, நாம் மட்டும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம்.

அவர் ஐம்பது பிராயம் மதிக்கத்தக்கவர். முழங்கால் வரை மண். வாருங்கள் என்று வரவேற்று, மனையாளைக் கூப்பிட்டு நமக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னார். தட்டைத் திறந்து விஷயத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. மீனுக்கு வக்கீலா வந்திருக்கீங்க. எனக்கு வக்கீல் யாரு?" என்றார்.

நாம் சும்மா இருந்தோம்.

"போன வருஷம் கேரட்டு மூட்டை போன விலை லாரி வாடகைக்கே பத்தல. இந்த வருஷம் உருளைக்கிழங்கு. விதைக் கிழங்கு கடன், உரம் கடன், மருந்தும் கடன். கடைக்காரர் இதை அடின்னு குடுத்தார், அடிச்சேன். பம்பைக் கழுவாம வெச்சா மூக்கு அடைச்சுக்கும். தண்ணி இருக்கற இடம் ஓடைதான். வேற எங்க போய்க் கழுவறது, சொல்லுங்க."

"நீங்கள் குடிக்கும் தண்ணீரும் இந்த ஓடைதானே?"

"குழாய்த் தண்ணி."

"குழாய் எங்கிருந்து வருகிறது?"

அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னது தேநீர் கொண்டுவந்த அம்மாள்தான். "அந்தப் பாறைக்குக் கீழதாங்க" என்றார் மெதுவாக. தேநீர் நம் கையில் இருந்தது. அதை எந்தத் தண்ணீரில் போட்டார்கள் என்பதை மூவரும் ஏககாலத்தில் நினைத்தோம் என்றே தோன்றுகிறது. குடித்தோம். குடிக்காமல் வைப்பது மரியாதையாகாது.

அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. மலைச்சரிவில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய் நீர்வாழ் ஜந்துக்களின் மகிமையை உபதேசிப்பது, பட்டினி கிடப்பவனுக்குச் சங்கீதம் கற்பிப்பது போன்றது. ஆனால் ஒரு காரியம் செலவில்லாமல் முடியும். பம்ப்பை அலசிய தண்ணீரை ஓடையில் கொட்டாமல், அலசிய இடத்திலேயே, மருந்து அடித்த பயிரின் மேலேயே மறுபடி அடித்துவிடலாம். மும்முறை அலசி மும்முறையும் அப்படிச் செய்தால் மருந்தும் வீணாகாது. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரத்தை உண்டாயிற்று. ஓடைக்காக அன்று, காசு கொடுத்து வாங்கிய மருந்து ஓடையில் போகிறதே என்பதற்காக. எந்த வாசல் வழியாக வந்தால் என்ன? பம்ப்பு அலச ஒரு பழைய பிளாஸ்டிக் பீப்பாயைத் தோட்டத்தின் மேல் மூலையில் வைத்து மழைநீர் பிடிக்க ஏற்பாடு செய்தார். காலிப் புட்டிகளைத் துளையிட்டு ஒரு சாக்கில் போட்டு வைத்தார். அந்தச் சாக்கை யார் வாங்கிக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. இன்றும் அது அங்கேயே பெருத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த தோட்டக்காரர் வேறு தினுசு. நாம் பேச வாயெடுக்கும் முன்பே, "உங்க ஓடைன்னு பட்டா இருக்கா?" என்று கேட்டார். அவரிடம் நாம் இரண்டாம் தடவை போகவில்லை. சிறுவனின் பெரியப்பா போய்ப் பேசியதாகக் கேள்வி. என்ன பேசினார் என்று விசாரிப்பது நம் வேலையன்று.

ஓடைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. மேலே சோலையோரத்துப் பூச்சிகள் நல்ல நிலையில் இருந்தால், அவற்றில் சில இரவு வேளைகளில் நீரோடு மிதந்து கீழே வந்து, காலியான இடத்தில் குடியேறும். சிறகு முளைத்தவையும் பறந்து வந்து முட்டையிடும். ஆகவே மேலே சோலை இருக்கிற வரையில் கீழே நம்பிக்கை உண்டு. சோலையும் போய்விட்ட ஓடைகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ஆனி மாதத்தில் மூன்று வால் பூச்சி நாலைந்து தென்பட்டன. தீபாவளிக்கு முன் தட்டில் நாற்பதுக்கு மேல் எண்ணினோம். மணல் குழல்களில் மறுபடி ஆள் வந்து சேர்ந்தது. நடு மடுவில் ஒரு டிரௌட், சாண் நீளம் இருக்கும், நம் நிழலைக் கண்டு கல்லுக்கடியில் ஒளிந்தது.

இரட்டை வால் பூச்சிதான் வரவில்லை. அது எல்லோரிலும் நாஸூக்கு. சிலவற்றுக்கு வளர ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும். அதற்கான கட்டத்தில் அடுத்த வருஷம் பங்குனி வரையில் சிறுவன் மாதந்தோறும் சைபரே எழுதி வந்தான். சித்திரையில் அவன் பரீட்சைக்குப் போயிருந்தான். அன்று அவன் பெரியப்பா தாமாகவே வந்து வலையைப் பிடித்துக்கொண்டார். தட்டைக் கவிழ்த்ததும் நமக்கு முன் குனிந்து பார்த்து, "ஐயா, இதுக்கு வால் ரெண்டா, மூணா? எனக்குக் கண்ணு செரியாத் தெரியல" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தோம். இரண்டுதான்.